சொல் விளக்கம்: கால்

கால் (பெயர்ச்சொல்): 1. உடலைத் தாங்கும் உறுப்பு. 2. தூண், பந்தக்கால். 3. காற்று. 4. சக்கரம்.

மலையாளத்தில் கால், கன்னடத்திலும் தெலுங்கிலும் காலு. சக்கரம் என்ற பொருள் நமக்குப் பழையது. 496ஆம் குறளில் தேரின் சக்கரம் கால் என்றே வருகிறது. ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேரில் முட்டுக்கட்டை போடுவது தேர்க்காலுக்குத்தான்.

விமானத்தின் லேண்டிங் கியரில் உறுப்பு, சக்கரம் என்ற இரு பொருளும் சேர்கின்றன: நின்று தாங்குவதும் அதுவே, உருண்டு ஓடுவதும் அதுவே. பெரும்பாலும் ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தமே அதை மடக்கி நீட்டுகிறது. பைப்பர் செனெகா போன்ற சிறிய இரட்டை எஞ்சின் விமானத்தில் ஹைட்ராலிக் அமைப்பு பழுதானால், அவசரக் குமிழை விமானி இழுப்பார். கால்கள் தம் எடையாலேயே இறங்கிப் பூட்டிக்கொள்ளும்.

2024 அக்டோபர் 11 மாலை, திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737-இல் ஹைட்ராலிக் கோளாறு ஏற்பட்டது. எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வானில் வட்டமடித்துவிட்டுத் திருச்சியிலேயே இறங்கியது. 140க்கும் மேற்பட்டோர் பத்திரமாகத் தரை சேர்ந்தார்கள்.

லேண்டிங் கியரை ‘தரையிறங்கு சக்கர அமைப்பு’ என்று நீட்டி எழுத வேண்டியதில்லை. தேர்க்கால் போல ‘விமானக்கால்’ என்றே எழுதலாம்.