சகோதர சங்கமும் நல்லிணக்க விதிகளும்

வடநாட்டின் பழைய இராணுவக் குடியிருப்பு நகரங்கள் சிலவற்றில், வெள்ளையர் காலத்துக் கட்டடம் ஒன்றை மக்கள் 'ஜாதூகர்', அஃதாவது மாயவித்தை வீடு, என்று வழங்குவதுண்டு. அது பிரீமேசன் என்னும் சகோதர சங்கத்தாரின் கூடமாகும். தம் கிளைகளை அவர்கள் 'லாட்ஜ்' என்பர். தங்கும் விடுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. மூடிய கதவுக்குள் நடப்பதைப் பற்றி ஊரார் கட்டிய கதைகள் பல. அவற்றை இங்கு நாம் ஆராயப் புகவில்லை. இரண்டாகப் பிளந்த அச்சங்கம் மீண்டும் ஒன்றான வரலாறு, பிறந்த மண்ணை விட்டு வந்து சங்கம் அமைத்து வாழும் நமக்குப் பயன்படும் என்று கருதியே இதனை எழுதுகின்றோம்.

லண்டனில் நான்கு லாட்ஜுகள் கூடிப் பேரவை ஒன்றை 1717ஆம் ஆண்டில் நிறுவின என்பது அவர்கள் மரபாகக் கூறும் செய்தி. மதப் பூசலும் அரசுரிமைப் போட்டியும் இங்கிலாந்தை அலைக்கழித்த காலம் அது. 1715இல்தான் அரசுரிமையை ஒட்டி ஒரு கலகம் மூண்டிருந்தது. அந்நாளில் பல்வேறு கட்சியினர் ஒரே மேசையில் அமர்வதற்கு விதிகள் தேவைப்பட்டன. ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் தொகுத்த விதிநூல் 1723இல் வெளியாயிற்று.

அதன் ஒழுக்கப் பகுதி நுட்பமானது. லாட்ஜ் கூடியிருக்கையில், கூட்டம் முடிந்து கலையுமுன், அயலார் முன்னிலையில், இல்லத்தில் என்று இடத்திற்கேற்ப நடக்கும் முறையை அது வகுத்தது. சொந்தப் பகையை வாயிலுக்குள் கொண்டுவரலாகாது. மதம், நாடு, அரசியல் பற்றிய சண்டை அறவே கூடாது. விருந்தில் ஒருவரை அவர் விருப்பத்திற்கு மேல் உண்ணவோ குடிக்கவோ வற்புறுத்தலாகாது. வீடு திரும்ப எழுந்தவரைத் தடுக்கவும் கூடாது. உறுப்பினர் இருவர் வழக்காட நேர்ந்தால் முதலில் சகோதரர்களின் சமரசத்திற்குச் செவிசாய்க்க வேண்டும். புதியவரைச் சேர்ப்பதற்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவரின் சம்மதமும் வேண்டும். ஒருவர் மனம் கசந்தாலும் இணக்கம் கெடும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இவ்விதிகளை ஏட்டில் வைத்துப் பூட்டிவிடவில்லை. புதியவர் சேரும்பொழுது படித்துக் காட்ட வேண்டும் என்று நூலிலேயே எழுதி வைத்தனர்.

இத்தனை விதி இருந்தும் பிளவு வந்தது. லண்டனில் வாழ்ந்த அயர்லாந்துக்காரரான தொழிலாளர் பலர், 1751இல் தனிப் பேரவை ஒன்றை அமைத்தனர். அதன் காரியதரிசி லாரன்ஸ் டெர்மாட் வண்ணம் பூசும் தொழிலாளி, கூரிய எழுத்தாளர். தம்மவரைப் 'பழையவர்' என்றும், முன்னரே இருந்த பேரவையாரைப் 'புதியவர்' என்றும் அவர் எள்ளி எழுதினார். பிழைப்புத் தேடித் தலைநகருக்கு வந்தோர் தமக்கு உரிய இடம் கிடைக்காதபோது தனியே அடுப்பு மூட்டிக் கொண்டனர் என்றே நாம் இதனைக் கொள்கின்றோம். பிளவு அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

1813 டிசம்பர் 27ஆம் நாள் இரு பேரவைகளும் ஒன்றாயின. அப்பொழுது ஒன்றுக்குக் கென்ட் கோமகனும் மற்றொன்றுக்குச் சசெக்ஸ் கோமகனும் தலைவர்கள். இருவரும் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் புதல்வர்கள். அண்ணன் கென்ட் விட்டுக்கொடுக்க, தம்பி சசெக்ஸ் பொதுத் தலைவரானார். எந்த லாட்ஜுக்கு முதல் எண் என்ற கேள்வியையும் சீட்டுக் குலுக்கியே தீர்த்தனர். 'பழையவர்' லாட்ஜுக்கு ஒன்று, 'புதியவர்' லாட்ஜுக்கு இரண்டு என மாறி மாறி எண்கள் வழங்கப்பட்டன.

கையெழுத்தோடு வேலை முடிந்துவிடவில்லை. இரு சாராரின் சடங்கு முறைகளும் வேறு. அவற்றை எழுதி வைக்கும் வழக்கமும் இல்லை. ஆகவே பக்கத்திற்கு ஒன்பது பேராகத் தேர்ந்து 'சமரச லாட்ஜ்' ஒன்றை அமைத்தனர். கிளைகளிலிருந்து வந்தோருக்குப் பொது முறையை அது வாய்மொழியாகக் கற்பித்தது. முறுமுறுத்தவர்களும் உண்டு. 1816இல் பேரவை அம்முறையைப் பார்த்து ஏற்றது. பின்னரும் கற்பித்தலுக்கென்றே 1823இல் ஒரு தனி லாட்ஜ் தோன்றியது.

இந்தியாவில் இவ்வியக்கம் 1730இல் கல்கத்தாவில் கால் கொண்டது. ஆற்காட்டு நவாபின் மூத்த மகன் உம்தத்துல் உமரா திருச்சிராப்பள்ளியில் இதிற் சேர்ந்தார். ஆயினும் சகோதரத்துவம் பேசிய இதே சங்கம், கல்கத்தாவில் இந்துக்களுக்கு நெடுங்காலம் கதவடைத்தது. 1863இல் விண்ணப்பித்த பிரசன்ன குமார தத்தர் 1872இல்தான் சேர்க்கப்பட்டார். விதியைப் பிறருக்குப் படித்துக் காட்டியவர்கள் தமக்குப் படித்துக் கொள்ளவில்லை. இந்தியாவிற்கெனத் தனிப் பேரவை 1961 நவம்பர் 24இல் புதுதில்லியில் அமைந்தது.

அயலூரில் ஒரே நகரில் இரு தமிழ்ச் சங்கமும், ஒரே நாளில் இரு பொங்கல் விழாவும் காண்பது நமக்குப் புதிதன்று. பிள்ளைகள் எந்த மேடையில் ஆடுவது என்று தாய்மார் திகைப்பர். நம் சங்கங்களுக்கும் விதிகள் உண்டு. பதிவு அலுவலகத்துக்குக் கொடுத்ததோடு அவற்றை நாம் மறந்துவிடுகின்றோம். புதிய குடும்பம் ஒன்று சேரும் நாளில் அவ்விதிகளைத் தமிழில் படித்துக் காட்டுவோம். நிர்வாகக் குழுவினர் முதல் வரிசையில் அமர்ந்து கேட்கட்டும்.