மலைக்கு வரி கட்டிய ஊர்

1878 ஜனவரியில் மேரி ரிப்பன் கொலராடோவின் போல்டர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது இருபத்தேழு. இல்லினாயில் பிறந்து, ஐரோப்பாவில் ஜெர்மனும் பிரெஞ்சும் கற்றுத் திரும்பியவர். அவருடைய பழைய ஆசிரியர் ஜோசப் சூவல் இங்கே புதுப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். அவர் அழைத்ததால் வந்தார். பல்கலைக்கழகம் என்றால் அன்றைக்கு ஒரே ஒரு கட்டடம்தான். நான்கு மாதங்களுக்கு முன்பு 44 மாணவர்களோடு திறந்திருந்தார்கள். தலைவரின் குடும்பமும் அதற்குள்ளேயே குடியிருந்தது. சுற்றிலும் மரமில்லாத புல்வெளி. மேற்கே, ராட்சத அம்மிக்கற்களை வரிசையாகச் சாய்த்து வைத்தாற்போல், ஃப்ளாட்அயர்ன் பாறைகள்.

ரிப்பன் அங்கே 31 ஆண்டுகள் கற்பித்தார். அமெரிக்காவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியரான முதல் பெண்களில் அவர் ஒருவர். 1888-ல் தன் மாணவர் ஒருவரை ரகசியமாக மணந்தார். மகள் பிறந்தது ஜெர்மனியில். கல்யாணமான பெண்ணுக்கு அந்த வேலை நிலைக்காது என்பதால் கணவரையும் குழந்தையையும் கடைசிவரை ஊரறியக் காட்டிக்கொள்ளவில்லை. 1935-ல் அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் உண்மை வெளியே வந்தது. அவர் இறந்த மறு ஆண்டே அவர் பெயரில் திறந்தவெளி அரங்கம் கட்டத் தொடங்கிய அதே ஊரில், அவர் தாயாக ஒரு நாள்கூட வெளிப்படையாக வாழ முடிந்ததில்லை.

ரிப்பனைப் போல வெளியூரிலிருந்து வருபவர்கள் இன்றும் உண்டு. படிப்பு முடித்த அமெரிக்க இளைஞர்களில் ஒரு சாரார் பெருநகரத்தை விட்டுவிட்டு மலையும் ஓடையும் கல்லூரியும் சேர்ந்த சிறிய ஊராகத் தேடிப் போகிறார்கள். மான்டனாவில் மிசூலா, போஸ்மன், அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப், ஆரெகனில் யூஜீன் என்று அந்த வரிசை நீளும். அதில் முன்னால் நிற்பது போல்டர். கடல் மட்டத்திலிருந்து 5,430 அடி உயரம். டென்வருக்கு வடமேற்கே ஐம்பது கிலோமீட்டருக்குள். ஊர் முடியும் இடத்தில் மலை தொடங்குகிறது, நடுவே வீடு இல்லை. பார்ப்பவர்களுக்கு இயல்பாக அமைந்ததுபோலத் தோன்றும் அந்த எல்லையை ஊர்க்காரர்கள் வாக்களித்து, வரி கட்டி உண்டாக்கினார்கள். அதற்காக முன்னே நின்றவர்களில் பலர், வெளியூரிலிருந்து இளவயதில் வந்து தங்கிவிட்டவர்கள்.

முதலில் வந்தவர்கள் மலையழகைத் தேடி வரவில்லை; தங்கம் தேடி வந்தார்கள். 1858 அக்டோபரில் ஒரு கூட்டம், ஓடை மலையிலிருந்து இறங்கும் இடத்தில் கூடாரம் அடித்தது. அது அரப்பாஹோ பழங்குடி மக்கள் குளிர்காலத்தில் தங்கும் நிலம். அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான நைவாட் ஆங்கிலம் பேசத் தெரிந்தவர். அவர் சண்டைக்குப் போகவில்லை. 1859 பிப்ரவரியிலேயே வந்தவர்கள் நிலத்தை மனை போட்டுவிட்டார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1864 நவம்பர் 29 அன்று, சமாதானத்தை நம்பி சாண்ட் க்ரீக்கில் தங்கியிருந்த செயென், அரப்பாஹோ முகாமைக் கொலராடோ குதிரைப்படை தாக்கியது. ஏறத்தாழ 230 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். நைவாட் அங்கே பட்ட காயத்தால் இறந்தார் என்றே கருதப்படுகிறது. தாக்கிய படையில் போல்டர்க்காரர்களின் அணிக்குத் தலைமை தாங்கியவர் கேப்டன் டேவிட் நிக்கல்ஸ்.

பல்கலைக்கழகம் போல்டருக்குக் கிடைத்த கதையிலும் இந்த நிக்கல்ஸ்தான் நாயகன். 1874-ல் அவர் சட்டமன்ற உறுப்பினர். ஊர்மக்கள் 15,000 டாலர் போட்டால் அரசும் 15,000 டாலர் போடும் என்று பேச்சு வந்தது. நிக்கல்ஸ் இரவோடு இரவாக டென்வரிலிருந்து குதிரையில் வந்து, ஊராரிடம் வாக்குறுதி வாங்கிக்கொண்டு திரும்பினார் என்று பல்கலைக்கழகத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். மாணவர் விடுதி ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். மாணவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு, 1989-ல் அது செயென் அரப்பாஹோ விடுதி ஆயிற்று.

நைவாட் ஒரு சாபம் விட்டதாக ஊரில் இன்றும் சொல்வார்கள்: இந்தப் பள்ளத்தாக்கைக் கண்டவர்கள் இங்கேயே தங்க ஆசைப்படுவார்கள், அந்தத் தங்கலே இதன் அழகை அழிக்கும் என்று. அவர் அப்படிச் சொன்னதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் கிடையாது. நிலத்தைப் பறிகொடுத்து உயிரையும் இழந்த ஒரு மனிதரின் வாயில், வீடுகள் பெருகிவிட்டன என்ற பிற்காலத்துக் கவலையை வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மலைக்காகவே ஆட்கள் வந்தது 1898-ல். டெக்சாஸ் ஆசிரியர்கள் சிலர் கோடை வெயிலுக்குத் தப்பி, படிப்பும் பாட்டும் பேச்சுமாக விடுமுறையைக் கழிக்கக் குளிர்ந்த இடம் தேடினார்கள். ஷடாக்வா என்ற அந்தக் கோடைப்பள்ளி இயக்கம் அமெரிக்கா முழுவதும் பரவியிருந்த காலம் அது. போல்டர் வாக்காளர்கள் கடன்பத்திரத்துக்குச் சம்மதித்து, ஃப்ளாட்அயர்ன் அடிவாரத்தில் ஒரு பண்ணையை வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஜூலை 4-ம் தேதி முகாம் தொடங்கியது. முதல் கோடையில் தங்கியவர்களுக்குக் கூடாரம்தான். ஊர் தன் பொதுப் பணத்தில் மலையடிவாரத்தை வாங்கும் பழக்கம் அங்கே ஆரம்பித்தது. நகரத்துக்கு யோசனை சொல்ல வந்த பூங்காக் கலைஞர் ஃபிரெடரிக் லா ஆம்ஸ்டெட் ஜூனியர், 1910-ல் ஓடைக்கரையைப் பொது இடமாக வைத்துக்கொள்ளும்படி எழுதிக்கொடுத்தார். அதைச் செய்து முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

உண்மையான நெருக்கடி இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. படை விட்டு வந்த இளைஞர்களுக்கு அரசு கல்விச் செலவைக் கொடுத்தது, வகுப்புகள் நிரம்பின. 1952-ல் டென்வரிலிருந்து சுங்கச் சாலை திறந்தது. 1954-ல் தேசியத் தர நிர்ணயப் பணியகத்தின் ஆய்வகத்தைத் திறந்துவைக்க ஜனாதிபதி ஐசன்ஹோவரே வந்தார். அதற்கான நிலத்தை ஊர்மக்கள் நன்கொடை திரட்டி வாங்கியிருந்தார்கள். 1950-ல் 19,999 பேர் இருந்த ஊரில் 1960-ல் 37,718 பேர். 1970-ல் 66,870.

வீடுகள் மலையேறத் தொடங்கும் என்று முதலில் பயந்தவர்களில் இருவர் பல்கலைக்கழக ஆசிரியர்கள்: இயற்பியலாளர் ஆல்பர்ட் பார்ட்லெட், கணிதப் பேராசிரியர் ராபர்ட் மெக்கெல்வி. பார்ட்லெட் 1950-ல் வேலைக்கு வந்தபோது ரிப்பனைப் போலவே இருபத்தேழு வயதுக்காரர். அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. மேலே இருந்த நிலம் தனியாருடையது, ஆனால் தண்ணீர் நகரத்துடையது. தண்ணீர் ஏறாத இடத்தில் குடியிருப்பு ஏறாது. 5,750 அடி உயரத்தில் வரைபடத்தில் ஒரு கோடு; அதற்கு மேல் நகரம் குழாய் இழுக்கக் கூடாது. 1959 ஜூலையில் வாக்காளர்கள் அதை நகரச் சாசனத்திலேயே எழுதிவைத்தார்கள். 'நீலக்கோடு' என்று அதற்குப் பெயர் நிலைத்தது. மலைமேட்டில் கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய் வடிவமைத்த வளிமண்டல ஆய்வு மையத்துக்கு மட்டும், 1961-ல் தனியாக வாக்கெடுத்து விலக்கு அளித்தார்கள். கோடு போட்டவர்களே யோசித்து ஒரு வாசலும் வைத்தது அந்த ஊரின் அரசியல் முதிர்ச்சிக்கு நல்ல சான்று.

குழாயை நிறுத்தினால் மட்டும் போதவில்லை. நிலத்தையே வாங்க வேண்டியிருந்தது. 1962-ல் ஒரு சொகுசு விடுதி வரவிருந்த மேட்டுநிலத்தைக் கடன்பத்திரம் போட்டு மீட்டார்கள். 1967 நவம்பரில் அதைவிடத் துணிச்சலான ஒன்று நடந்தது. கடையில் செலவழிக்கும் ஒவ்வொரு டாலரிலும் 0.4 சென்ட், வெட்டவெளி நிலம் வாங்குவதற்கென்றே வரி. அமெரிக்காவில் எந்த நகரமும் அதற்குமுன் இதற்காகத் தன் மீது வரி விதித்துக்கொண்டதில்லை. அப்படிச் சிறுகச் சிறுக வாங்கியதும் காப்பதுமாக இன்று 45,000 ஏக்கருக்கு மேல். நகரத்தின் பரப்பைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

அந்த மலைக்காகவே இளைஞர்கள் வந்துகொண்டிருந்தார்கள். 1969-ல் இருபது வயதைத் தொட்ட மோ சீகல் நண்பர்களோடு மலையில் மூலிகை பறித்து, கையால் தைத்த துணிப்பைகளில் தேநீருக்கு விற்றார். அதுதான் செலஸ்டியல் சீசனிங்ஸ் நிறுவனம் ஆயிற்று. அவருக்கு முன்பே ராய், ஆலிஸ் ஹோலுபார் தம்பதி மலையேறிகளுக்கான கருவிகளும் தூக்கப்பைகளும் செய்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். மெல்லிய காற்றில் ஓடிப் பழக 1970-ல் வந்தார் ஃபிராங்க் ஷார்ட்டர். 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் தங்கம் வென்றார். பிறகு உலகின் நெடுந்தொலைவு ஓட்டக்காரர்கள் பலரும் அந்த ஊரில் வீடு தேடினார்கள். திபெத்திய பௌத்த ஆசிரியர் சோக்யாம் துருங்பா 1974-ல் நரோபா கல்வி நிலையத்தைத் தொடங்க, கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் அங்கே கவிதை கற்பிக்க வந்தார்.

நமக்குத் தெரிந்த முகமும் உண்டு. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா, டெக்சாஸில் முதுகலை முடித்து, போல்டரில் 1988-ல் விண்வெளிப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றார். அவருக்குப் பிடித்தவையாக நாசா தந்த குறிப்பில் விமானம் ஓட்டுவது, மலைநடை, முதுகுப்பையோடு நெடும்பயணம், வாசிப்பு என்று இருக்கும்.

வந்தவர்கள் எல்லோருக்கும் அந்த ஊர் ஒரேபோல் இடம் தரவில்லை. 1960களின் இறுதியிலிருந்து, சிக்கானோ எனப்படும் மெக்சிகோ வம்சாவளி மாணவர்கள் கூடுதலாகச் சேரத் தொடங்கினார்கள். உதவித்தொகை சரியாக வருவதில்லை என்று 1974 மே மாதம் வளாகத்தில் ஒரு கட்டடத்தைப் பிடித்துப் போராடினார்கள். அந்த மாதக் கடைசியில், இரண்டு நாள் இடைவெளியில், இரண்டு கார்களில் குண்டு வெடித்து ஆறு இளம் சிக்கானோ செயற்பாட்டாளர்கள் இறந்தார்கள். போல்டரின் பெருமைகளைப் பட்டியலிடும் சுற்றுலாப் பிரசுரங்கள் இதைச் சொல்வதில்லை. 2019-ல்தான், அந்தக் கட்டடத்தின் முன்னால் அறுவரின் முகங்களோடு ஒரு நினைவுச் சிற்பம் எழுந்தது.

நிலத்தைக் காத்ததற்கு ஒரு விலையும் இருந்தது. 1971-ல் கட்டட உயரத்துக்கு 55 அடி வரம்பு. 1976-ல் நகரமன்ற உறுப்பினர் பால் டேனிஷ் முன்வைத்த திட்டம், புதிய வீடுகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதத்துக்கு மேல் வளராமல் கட்டுப்படுத்தியது. பக்கவாட்டில் விரிய இடமில்லை, மேலே உயரவும் வழியில்லை, வேலைகளோ பெருகின. தனிவீட்டின் விலை இன்று பத்து லட்சம் டாலரைத் தாண்டி நிற்கிறது. போல்டரில் வேலை பார்ப்பவர்களில் பல்லாயிரம் பேர் தினமும் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து போகிறார்கள். இருபத்தேழு வயதில் ஒரு ஆசிரியர் வேலையை நம்பி வந்து வீடு வாங்குவது பார்ட்லெட்டின் தலைமுறையோடு போயிற்று.

வாடகைக்குச் சேர்ந்து தங்குவதற்கும் தடை இருந்தது. ஊரின் பெரும்பகுதியில், உறவில்லாதவர்கள் மூன்று பேருக்கு மேல் ஒரு வீட்டில் இருக்கக் கூடாது என்று விதி இருந்தது. அறைக்கு ஒருவர் இருக்கட்டும் என்று இளைஞர்கள் 2021-ல் கொண்டுவந்த தீர்மானம் வாக்கெடுப்பில் தோற்றது. 2023-ல் நகரமன்றமே எண்ணிக்கையை ஐந்தாக உயர்த்தியது. 2024-ல் மாநில அரசு, உறவைக் காரணம் காட்டி இப்படி வரம்பு வைப்பதையே கொலராடோ முழுவதும் சட்டம் போட்டு நீக்கியது. இப்போது நான்கு நண்பர்கள் ஒரே ஒப்பந்தத்தில் ஒளிவுமறைவில்லாமல் பெயர் எழுதலாம்.