ஏழாண்டு காத்திருந்த இசை

தனி வாத்தியம் ஒன்று பெரும் வாத்தியக் குழுவோடு உரையாடுமாறு அமைந்த மேனாட்டு இசை வடிவத்தைக் கன்செர்ட்டோ என்பர். ரஷ்ய மேதை ஷொஸ்டகோவிச் வயலினுக்கென இயற்றிய முதற் கன்செர்ட்டோவின் வரலாற்றை இன்று காண்போம்.

1947-இல் தொடங்கிய இப்படைப்பு 1948 மார்ச்சில் நிறைவுற்றது. அதற்கு முந்திய மாதமே சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு அவரையும் புரோகோஃபியெவ் முதலியோரையும் மக்களுக்கு அந்நியமான இசை எழுதுவோர் எனக் கண்டித்திருந்தது. ஷொஸ்டகோவிச் ஆசிரியப் பதவியை இழந்தார். கன்செர்ட்டோவை வெளியிடாது வைத்துக்கொண்டார்.

1953-இல் ஸ்டாலின் மறைந்தார். 1955 அக்டோபர் 29-இல், லெனின்கிராடில், டேவிட் ஓய்ஸ்ட்ராக் அதனை முதன்முதலாக அரங்கேற்றினார். ம்ராவின்ஸ்கி குழுவை நடத்தினார். பின்னர் ஓய்ஸ்ட்ராக் அமெரிக்கா சென்றார். 1956 ஜனவரியில், நியூயார்க்கில், மித்ரோபூலஸ் குழுவை நடத்த, கொலம்பியா நிறுவனம் அவர் வாசிப்பை இசைத்தட்டில் பதிந்தது.

மூன்றாம் பகுதியே இதன் உயிர்நிலை. தாழ்ந்த சுருதியில் ஓர் இசைத்தொடர் மீண்டும் மீண்டும் வர, அதன்மேல் வயலின் இரங்கிப் பாடுகிறது. பின்பு குழு அடங்கிவிட, வயலின் மட்டும் நெடுநேரம் தனித்து முழங்குகிறது. அவ்வுழைப்பிற்குப் பின் சற்றே இளைப்பாற இடம் வேண்டினார் ஓய்ஸ்ட்ராக். இறுதிப் பகுதியின் தொடக்கத்தை ஷொஸ்டகோவிச் குழுவுக்கு மாற்றித் தந்தார்.

ஷொஸ்டகோவிச் 1975-இலும், ஓய்ஸ்ட்ராக் அதற்கு முந்திய ஆண்டிலும் மறைந்தனர். 1991-இல் சோவியத் அரசும் முடிவுற்றது. இசைத்தட்டில் அவ்வயலின் இன்றும் ஒலிக்கிறது. ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நாம் அதன் அருமையை நன்கறிவோம். பாடியவர் அருகில் இல்லாவிடினும் பாட்டு நம் இல்லம் தேடி வருகின்றதன்றோ!