அகப்பைக்கும் ஒரு வரலாறு உண்டு

அரசர்களுக்கு வரலாறு எழுதுகிறோம். கோட்டைகளுக்கும் குளங்களுக்கும் எழுதுகிறோம். குசினிக்குள் தொங்குகின்ற அகப்பைக்கும் வரலாறு உண்டென்று சொன்னால் எம்மிற் பலர் சிரிக்கக்கூடும். 1803ஆம் ஆண்டு பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயப் படையைத் தாக்கியதை எமது பிள்ளைகள் பாடமாகப் படிக்கிறார்கள். அதே ஆண்டில் இந்த மண்ணிலே ஒரு தாய், தணலிற் சுடுகின்ற மீன் காய்ந்து போகாமல் எதைக்கொண்டு எண்ணெய் தடவினாள் என்று எவரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நெருப்பிலே வேகும் உணவுக்குச் சாறோ எண்ணெயோ ஊட்டுவது மிகப் பழைய கலை. அதற்கென்று எமது மொழியிலே எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று எண்ணிப்பாருங்கள். ஊறவைத்தல், பிரட்டுதல், தடவுதல், பூசுதல், நீவுதல், தெளித்தல், வார்த்தல். ஒவ்வொன்றும் வேறு வேறு செயல். மீனுக்கு மஞ்சளும் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிரட்டுவோம். தோசைக்கல்லுக்கு எண்ணெய் பூசுவோம். பொரிகின்ற முட்டையின் மேல் கொதியெண்ணெயைக் கோலி வார்ப்போம். சொற்கள் இவ்வளவு இருந்தும், இந்த வேலைகளுக்கான கருவிக்கென்று எம்மிடம் தனிப்பெயர் எதுவும் நிலைக்கவில்லை. காரணம் எளிது. பெரும்பாலும் கைதான் அந்தக் கருவி. கை எட்டாத சூட்டிலே அகப்பை கையாயிற்று. அகப்பையாலும் முடியாதபோது இலையும் காம்பும் தும்பும் துணியும் வந்து சேர்ந்தன.

தமிழர் இறைச்சியைக் கம்பியிற் கோத்துச் சுட்டதற்குச் சங்க இலக்கியமே சான்று. கரிகாலனின் விருந்தைச் சொல்லும் பொருநராற்றுப்படை, கம்பியிற் சுட்ட கொழுத்த இறைச்சியைக் குறிப்பிடுகிறது. ‘காழ்’ என்பது அந்தக் கம்பிக்கு அது தரும் பெயர். மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டிலே வடமொழியிற் செய்த மானசோல்லாசத்திலும் இறைச்சியைக் கோலிற் குத்திச் சுடுகின்ற முறைகள் உள்ளன. கோலிற் குத்திச் சுடும்போது ஒரு சங்கடம் இருக்கிறது. வெளிப்புறம் காய்ந்து கருகிவிடும், உட்புறம் வேகாது. கொழுப்போ நெய்யோ மேலே படிந்தால் புறம் காயாது, சூடும் சீராகப் பரவும். ஆகவே சுடுகோல் எங்கே இருந்ததோ அங்கே நெய் ஊட்டும் தேவையும் இருந்திருக்க வேண்டும்.

பின்னர் போர்த்துக்கேயர் வந்தார்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் அவர்கள் கைக்குப் போனது. 1658இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்து அவர்கள் வெளியேறினார்கள். ஆயினும் எமது சமையலறையிலிருந்து அவர்கள் வெளியேறவே இல்லை. ‘குசினி’ என்ற சொல் அவர்களுடையது. ‘தாச்சி’யும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. ‘வினாகிரி’யும் அப்படித்தான். அமெரிக்கக் கண்டத்து மிளகாயை இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. அவர்களுடைய நாட்டிலே இறைச்சியைத் திராட்சை மதுவிலும் உள்ளியிலும் ஊறவைக்கும் வழக்கம் இருந்தது. கோவாவிலே திராட்சை மதுவின் இடத்தைக் கள்ளுவினாகிரி பிடித்தது, மிளகாயும் சேர்ந்தது, ‘விண்டாலு’ பிறந்தது. தென்னையும் பனையும் நிறைந்த எமது கரையிலே புளிப்புக்கு ஒருபோதும் பஞ்சம் இருக்கவில்லை. பழப்புளியும் தேசிக்காயும் ஏற்கெனவே எம்மிடம் இருந்தன.

காட்டுப்புறத்துக்கு வருவோம். 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்ட ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், 1679இல் தப்பி வடமேற்குக் கரையிலுள்ள அரிப்பை அடைந்தார். 1681இல் இலண்டனிலே அவருடைய நூல் வெளிவந்தது. அதிலே வேடர்களைப் பற்றி ஓர் அரிய செய்தி சொல்கிறார். அவர்கள் மான் இறைச்சியை நெருப்பின் மேல் உலர்த்துவார்கள். மரத்தைக் குடைந்து, அதனுள்ளே தேனை ஊற்றி, இறைச்சியை நிரப்பி, வாயைக் களிமண்ணால் அடைத்து, பஞ்ச காலத்துக்கென்று வைத்திருப்பார்கள்.

இந்தக் கருவியைச் சற்று எண்ணிப்பாருங்கள். பாத்திரம் மரம். மூடி களிமண். ஊறல் தேன். தேனிலே நீர் மிகக் குறைவு. இறைச்சியிலுள்ள நீரையும் அது இழுத்துக்கொள்ளும். ஆகவே கிருமிகள் பெருகுவது கடினம். இரசாயனம் படிக்காத மனிதர், இரசாயனத்தின் விடையைக் காட்டிலேயே கண்டுபிடித்திருந்தார்கள். இன்று மானை வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதற்கென உள்ளது. அது வேண்டியதே. ஆனால் அந்த அறிவை நினைவில் வைத்திருப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

இனி எமது சிரட்டை அகப்பையைப் பார்ப்போம். பாதிச் சிரட்டையிலே இரண்டு துளை. துளைக்குள்ளே செருகிய ஒரு மரக்காம்பு. வேறொன்றும் இல்லை. ஆனால் அது செய்யும் வேலையை அளந்து பாருங்கள். சிரட்டை சூட்டை எளிதிற் கடத்தாது. கொதிக்கும் குழம்பிலே நின்றாலும் கை சுடாது. மண்சட்டியைச் சுரண்டாது. புளியோடு சேர்ந்து களிம்பு ஏறாது. காம்பு முறிந்தால் புதுக்காம்பு போடலாம். சிரட்டை வெடித்தால் அடுத்த தேங்காய் இருக்கிறது. ‘சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்’ என்று எம்மவர் பழமொழி சொன்னபோது அவர்கள் கண்முன் நின்றது இந்தச் சிரட்டைதான்.

எனினும் அகப்பைக்கு ஓர் எல்லை உண்டு. அது கோலும், வார்க்கும், மெல்லப் பூசாது. பூசுவதற்கு நார் வேண்டும். வாழையிலைக் காம்பின் நுனியைத் தட்டி நசுக்கி எண்ணெயில் தோய்த்து எனது ஆச்சி தோசைக்கல்லில் இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். நசுங்கிய நாரிடையே எண்ணெய் தங்கும். இழுக்க இழுக்கச் சிறிது சிறிதாக இறங்கும். வேலை முடிந்தால் காம்பு ஆட்டுக்குப் போகும்; கழுவுகின்ற தொல்லையே இல்லை. பாதி வெங்காயத்தைக் கம்பியிற் குத்திப் பூசுவோரும், கத்தரிக்காய்க் காம்பால் பூசுவோரும், துணிப்பொட்டணத்தால் பூசுவோரும் உண்டு. மலாய் மக்கள் எலுமிச்சைப்புல்லின் அடியை நசுக்கித் தூரிகையாக்கி, சுடுகின்ற சாத்தே இறைச்சிக்கு எண்ணெய் தடவுகிறார்கள். அங்கே தூரிகையே வாசனையும் ஊட்டுகிறது. வேறு வேறு கரைகளின் மக்கள் ஒரே விடைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

ஐரோப்பியர் வேறு வழியிற் சென்றார்கள். அவர்கள் பெரிய இறைச்சித் துண்டுகளைச் சுடுகோலிற் குத்திச் சுழற்றினார்கள். சுழலும்போது உருகிய கொழுப்பு கீழே சிந்தாமல் இறைச்சியைச் சுற்றியே ஓடும். அந்தச் சுழற்சியே ஒரு பூசுகருவிதான். முதலில் சிறுவர்கள் சுழற்றினார்கள். பின்னர் நாய்கள் சக்கரத்துள் ஓடிச் சுழற்றின. இங்கிலாந்திலே 1576இல் வெளிவந்த ஒரு நூல் அந்த நாய்களைக் குறிப்பிடுகிறது. அடுப்புப் புகையின் வேகத்தாலேயே சுழலும் பொறியொன்றை லியனார்டோ டா வின்சி வரைந்திருக்கிறார். சுழற்றுவதற்கு இத்தனை பொறிகள் வந்த பிறகும், கீழே தட்டிற் சேர்ந்த கொழுப்பை அள்ளி மேலே வார்ப்பதற்கு நீண்ட காம்புக் கரண்டியும் ஒரு மனிதக் கையும் தேவைப்பட்டன. 20ஆம் நூற்றாண்டிலே றப்பர்க் குமிழ் பொருத்திய உறிஞ்சுகுழாய் வந்தது. அதுவும் கரண்டியின் வேலையைத்தான் செய்தது.

தூரிகை விடயத்திலே எமக்கு ஒரு பங்கு இருப்பதைப் பலர் அறியார். பனைமட்டையின் அடியிலிருந்து எடுக்கப்படும் தும்பு, பிரித்தானியர் காலத்திலே தூரிகை செய்வதற்கென்று கப்பலேறியது. தமிழகத்தின் தூத்துக்குடியும் எமது யாழ்ப்பாணமும் அந்தத் தும்பு வியாபாரத்திற் பெயர் பெற்றவை. அது வலிய தும்பு. தரை தேய்ப்பதற்கு உகந்தது. மீனிற் பூசிய கூட்டைச் சுரண்டிவிடும். குசினிக்கு வேண்டியது மெல்லிய நார். வாழைக்காம்பு வென்ற இடம் அதுதான்.

1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலம் வன்னி மக்களுக்கு நினைவிருக்கும். மண்ணெண்ணெய்க்கும் மின்கலத்துக்கும் தட்டுப்பாடு. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. கடையிலே கிடைக்காததை வளவிலே தேடினோம். சிரட்டையும் மண்சட்டியும் ஓலையும் அன்று எம்மைக் கைவிடவில்லை. ஆனால் 2009இலே அந்த வளவே கைவிட்டுப் போனது. மக்கள் வெறுங்கையோடு மெனிக் பாம் முகாம்களுக்குப் போனார்கள். அம்முகாம் 2012 செப்ரெம்பரிலே மூடப்பட்டது. மீண்டு வந்தபோது பல வீடுகளிலே அம்மியில்லை, உரலில்லை. அம்மியை மீண்டும் வாங்கலாம். எந்தக் காம்பை எப்படி நசுக்குவது என்று காட்டிக்கொடுத்த ஆச்சி இல்லாத வீட்டிலே எதை வாங்குவது? இழப்பின் கணக்கிலே இதுவும் எழுதப்பட வேண்டியது.

இன்று எமது பட்டினங்களிலே கோழியைத் தணலில் வாட்டி விற்கும் கடைகள் வந்துவிட்டன. சுவருக்கு வர்ணம் பூசும் தூரிகையை வாங்கி இறைச்சிக்குக் கூட்டுப் பூசுவதை நான் கண்டிருக்கிறேன். அதன் மயிர் உதிர்ந்து உணவிற் சேரும்; காம்பின் தகட்டிடுக்கிலே பழைய கூட்டுத் தங்கிப் புளிக்கும். நைலோன் இழை சூட்டிலே உருகும். இவற்றுக்கு மாற்றாக சிலிக்கன் தூரிகை வந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நொட்டிங்காமில் பிரெடெரிக் கிப்பிங் என்ற அறிஞர் ஆராய்ந்த பொருட்குடும்பம் அது. 200 பாகை செல்சியசுச் சூட்டையும் தாங்கும், கொதிநீரிற் கழுவலாம். ஆயினும் அதன் இழை வழவழப்பானது. மெல்லிய சாறு அதிலே நிற்காமல் வழிந்துவிடும். அதனால் நடுவிலே துளையிட்ட தகடுகளை வைத்துச் செய்கிறார்கள். துளையிலே சாறு தங்கும். எமது வாழைக்காம்பின் நாரிடை செய்த வேலையை அங்கே துளை செய்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

ஆகவே திருத்தம் என்பது என்ன? பொருளுக்கு ஏற்ற கருவியைத் தெரிவதே திருத்தம். தடித்த கூட்டுக்குக் கையே சிறந்தது. மீனிலே கத்தியாற் கீறிவிட்டுப் பூசினால் கூட்டு உள்ளே தங்கும். உப்பு உள்ளே இறங்கும். மஞ்சளும் மிளகாயும் பெரும்பாலும் மேலேயே நிற்கும். முற்றிய இறைச்சிக்குப் பப்பாசிப்பால் நல்லது. நெடுநேரம் விட்டால் இறைச்சி கூழாகும். தேனும் பனங்கட்டியும் விரைவிற் கருகும். ஆகவே இறக்குவதற்குச் சற்று முன்னர் பூசுங்கள். பச்சை இறைச்சி ஊறிய சாற்றைக் கொதிக்க வைக்காமல் வெந்த இறைச்சியின் மேல் ஒருபோதும் பூசாதீர்கள். இவை எந்தத் தூரிகைக்கும் பொருந்தும்.

சிலிக்கன் தூரிகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாங்குங்கள். ஆனால் வீட்டிலே வயது முதிர்ந்த ஒருவர் இருந்தால், பிள்ளைகளை அவர் பக்கத்தில் இருத்தி, ஒரு சிரட்டையிலே துளையிட்டுக் காம்பு செருகவும், ஒரு வாழைக்காம்பை நசுக்கவும் பழகிக்கொள்ளச் செய்யுங்கள். கோட்டையின் கல்லைத் தேடி ஆராய்ச்சியாளர் வருவார்கள். குசினியின் அறிவைத் தேடி எவரும் வரப்போவதில்லை. அதை நாமே கைமாற்றிக் கொடுக்க வேண்டும்.