அனிமேட்

இந்த ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் கார்ட்டூன் படம்தான் நினைவுக்கு வரும். வேரோ லத்தீன் 'அனிமா': மூச்சு, உயிர். 'அனிமல்' அதே குடும்பம். தமிழிலும் உயிர்த்தல் என்றால் மூச்சுவிடுதல், பெருமூச்சு நெட்டுயிர்ப்பு.

வினையாக வரும்போது உயிரூட்டு, அசையவை, உற்சாகப்படுத்து என்று இடத்துக்கேற்ப விரியும். 'அனிமேட்டட்' விவாதம் என்றால் சூடுபறக்கும் விவாதம். அதை 'உயிரூட்டப்பட்ட விவாதம்' என்று பெயர்ப்பது கொடுமை.

பெயரடையாக வந்தால் 'உயிருள்ள'. இதை உயர்திணை என்று எழுதிவிடுகிறார்கள், தவறு. மாட்டுக்கு உயிர் உண்டு, ஆனாலும் அஃறிணை. நம் இலக்கணம் மூச்சைப் பார்ப்பதில்லை. மக்கள், தேவர், நரகர் என்றே நன்னூல் உயர்திணையை வகுக்கிறது.

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவில் இது கண்கூடு. வீதியில் வருவது கோமதியம்மனின் உற்சவத் திருமேனி, உலோகம். 'அம்மன் வந்துட்டா' என்றுதான் கூட்டம் சொல்லும். 'வந்துட்டு' என்று யாரும் சொல்லமாட்டார்கள். புதுச் சிலை அப்படி 'அவள்' ஆவதற்கு முன் சடங்குகள் உண்டு: சிற்பி கடைசியாகக் கண் திறப்பார், குடமுழுக்கில் கும்பநீர் வழியே உயிர் ஏற்றப்படும்.