கூறாய்வா, கூராய்வா?

புசா ரோட்டில் இந்தி பேசுவோரிடம் ‘பிரேதப் பரிசோதனை’ என்றால், பேயைச் சோதிப்பதாகக் கொள்ளக்கூடும். அவர்களுக்குப் ‘பிரேத்’ ஆவி. வடமொழியில் ‘பிர+இத’, சென்றுவிட்டவர். தமிழில் பிணம். உடலைப் பெறக் காத்திருக்கும் உறவினர் காதில் அச்சொல் உறுத்தவே செய்யும்.

மாற்றாக வந்த சொல்லை நாளிதழ்கள் இருவகையாக எழுதுகின்றன. உடற்கூறு, உடலின் உறுப்பமைப்பு. ‘ஆய்வு’ சேரக் குற்றியலுகரம் கெட்டு உடற்கூறாய்வு. ‘கூராய்வு’ எனின் கூர்ந்து ஆய்தல். புணர்ச்சியில் இரண்டும் பிழையல்ல. ஆனால் கூர்ந்தாய்தல் எந்த ஆய்வுக்கும் பொதுவன்றோ? கூறாய்வே ஏற்புடையது என்பேன்.

‘இறப்பு அதில் இல்லையே’ என்பர் சிலர். ‘ஆட்டாப்சி’யிலும் இல்லை, அதன் கிரேக்க மூலப்பொருள் ‘தன் கண்ணால் காணல்’. ‘இறப்புக்குப் பின்’ எனப் பொருள்படும் இலத்தீன் ‘போஸ்ட்மார்ட்டம்’ என்பதிலோ ஆய்வே இல்லை.