வெண்ணெயை வென்ற ஊர்கள்



உடல் வருந்தி உழைப்பவனை நோய் அண்டாது என்பது நம்மிடையே நெடுங்காலமாக நிலவிவரும் நம்பிக்கையாகும். அது முழு உண்மையன்று என்பதைப் பின்லாந்து நாட்டின் கிழக்கெல்லையில் உள்ள வட கரேலியா மாகாணத்தின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

1960களில் அங்கு வாழ்ந்தோரில் மிகப் பலர் சிறு விவசாயிகளும், காடுகளில் மரம் வெட்டுவோருமாவர். உழைப்புக்கு அவர்களிடம் குறைவில்லை. ஆயினும், குடும்பத்தைத் தாங்க வேண்டிய நடுத்தர வயது ஆண்கள் மாரடைப்பால் அடுத்தடுத்து மாண்டனர். அந்நாளில் இதயநோய்க்கு ஆண்களை மிகுதியாகப் பறிகொடுத்த நாடு பின்லாந்து. அந்நாட்டிலும் இம்மாகாணமே முன்னின்றது. ரொட்டியில் தடிப்பாகப் பூசிய வெண்ணெய், கொழுப்பு நீக்காத பால், மிகையான உப்பு, அரிதாகவே உண்ட காய்கறி, இவற்றோடு புகைப்பழக்கம் ஆகியனவே முதன்மைக் காரணங்களாயின.

இந்நிலையைக் கண்டு மனம் பொறாத மாகாணப் பிரதிநிதிகள் 1971ஆம் ஆண்டு ஒன்றுகூடி, உதவி கோரி அரசுக்கு மனு அளித்தனர். அதன் பயனாக 1972இல் வட கரேலியா திட்டம் தொடங்கியது. அதற்குத் தலைமையேற்ற மருத்துவர் பெக்கா புஸ்கா அப்போது 30 வயதையும் எட்டாதவர்.

மருந்தைவிட மக்களின் வழக்கத்தை மாற்றுவதே இன்றியமையாதது என அவர் கருதினார். 'மார்த்தா' எனும் இல்லத்தரசிகள் சங்கத்தினர் ஊர்தோறும் கூடி, கொழுப்பும் உப்பும் குறைத்து, காய்கறி சேர்த்துச் சமைத்து, அனைவருடனும் அமர்ந்து உண்டு காட்டினர். பால்பண்ணையே பிழைப்பான ஊர்களில் வெண்ணெயைக் குறைக்கச் சொன்னால் எதிர்ப்பு எழாதிருக்குமா? எழுந்தது. பின்னர், அக்குளிர் நிலத்தில் செழித்து வளரும் பெர்ரிப் பழங்களைப் பயிரிட விவசாயிகள் ஊக்குவிக்கப்பட்டனர். பிழைப்புக்கு மாற்றுவழி காட்டாத அறிவுரை பயன் தராது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1977 முதல் இம்முயற்சி நாடெங்கும் விரிந்தது. 1997இல் திட்டம் நிறைவுற்றது. தொடங்கி ஏறத்தாழ 40 ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே இதயநோய் மரணங்கள் அம்மாகாணத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன. பிற்காலத்தில் சிகிச்சையின் முன்னேற்றமும் இதற்குத் துணைநின்றது. எனினும் பெரும்பங்கு மக்களின் மாற்றத்திற்கே உரியது.

அம்மக்களிடம் உழைப்பேனும் இருந்தது. கடையிலும் அலுவலகத்திலும் அமர்ந்தே பொழுதைக் கழிக்கும் நம்மில் பலருக்கு அதுவும் இல்லை. ஆகவே, நமக்கு உணவில் அளவும் வேண்டும். நாள்தோறும் நடையும் வேண்டும். விருந்துகளில் நெய்யைக் குறைப்பதும், அருகிலுள்ள இடங்களுக்கு வாகனத்தைத் தவிர்த்து நடந்து செல்வதும் செலவில்லாத தொடக்கங்களாகும். ஒருவர் தனித்து மாற்ற இயலாத வழக்கத்தை ஓர் ஊர் கூடி மாற்ற இயலும் என்பதற்கு வட கரேலியாவே சான்று.